மரத்தொட்டிக்குள் இருந்தது நீதான்

செழியா,

ஆவணியில் உனக்குக் கல்யாணம். மண்டபம் பேசி முடித்தாகிவிட்டது. பத்திரிகை அச்சுக்குப் போகப்போகிறது. உன் அம்மா காலையில் எழுந்ததிலிருந்து யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்க்கிறாள். யாரையாவது விட்டுவிட்டால் காலத்துக்கும் பேச்சு வாங்கவேண்டும் என்று பயப்படுகிறாள். வீடு சந்தோஷமாகத்தான் இருக்கிறது. நான் மட்டும் எதிலும் ஒட்டாமல் திரிகிறேன். நீ ஊருக்கு வந்து, பையை இறக்கி வைத்துவிட்டு, "நைனா" என்று கூப்பிடுவதற்கு முன்னால் உன்னிடம் சொல்லவேண்டியது இருக்கிறது. அதைச் சொல்லாமல் உன் தலையில் அட்சதை போட எனக்குக் கை வராது.

உன் போனுக்கு மட்டும் இதை அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் சொன்ன பொய்யைத் தனியாகச் சொல்லவில்லை. பட்டப்பகலில், நம் வீட்டுத் தோட்டத்தில் நின்று, ஒரு பெரிய மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அதனால் இதையும் பொதுவில் போடுகிறேன், நாலு பேர் படிக்கட்டும். படிக்கிறவர்களில் பிள்ளை பெற்றவர்களும் இருப்பார்கள்.

முதலில் என் நைனாவைப் பற்றிச் சொல்லவேண்டும். நீ பிறப்பதற்கு முன்பே அவர் போய்விட்டார். தளவானூர் பக்கத்தில் ஒருவருடைய நிலத்தில் வாழ்நாள் முழுக்க வேலை செய்தார். மல்லாட்டைக் கொடி பிடுங்கிக் கடலை ஆய்வது, ஏற்றம் இறைப்பது, மாட்டுக்கு வைக்கோல் போடுவது எல்லாம் அவர்தான். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு அவரைப் பார்க்கப் போனேன். நிலத்துக்காரர் வீட்டுக்கு வெளியூரிலிருந்து யாரோ வந்திருந்தார். களத்தில் கயிறு திரித்துக்கொண்டிருந்த என் நைனாவைக் காட்டி, "அது யாரு?" என்று அவர் கேட்டார். "அது ஆளு" என்றார் நிலத்துக்காரர். அவ்வளவுதான். பெயர் சொல்லவில்லை. அத்தனை வருஷம் தன் வீட்டில் உழைத்த மனிதருக்கு ஒரு பெயர் இருப்பதே அவருக்கு ஞாபகம் வரவில்லை. நைனா தலை நிமிராமல் கயிற்றைத் திரித்துக்கொண்டே இருந்தார். என் பிள்ளையை எவனும் ஆள் என்று சொல்லக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். கல்யாணம் என்றால் என்னவென்று தெரியாத வயதிலேயே உனக்காக எடுத்த முடிவு அது.

அதனால்தான் டைப்பிங் படித்தேன். அதனால்தான் தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை போட்டேன். உன்னை மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சேர்த்ததும் அதற்காகத்தான். நீ கனடா போனபோது கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னேன். பட்டா நகல் எடுக்க வந்தவர், சாதிச் சான்றிதழுக்கு வந்தவர், யாரையும் விடவில்லை. என் பையன் டிசைன் இன்ஜினியர், கம்ப்யூட்டரில்தான் வேலை, கையில் அழுக்கே படாது என்பேன். அப்படிச் சொல்லும்போது என் நைனாவுடைய கை என் கண்ணில் தெரியும்.

பிறகு ஒருநாள் நீ போனில் சொன்னாய். "நைனா, ஆபீஸ் வேலைய விட்டுட்டேன். மரத்துல குளிக்கிற தொட்டி செய்ற பட்டறையில சேந்துட்டேன். இதுதான் எனக்குப் பிடிச்சிருக்குது." உன் குரலில் அவ்வளவு சந்தோஷம். நான் போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். கடையில் மறுநாளும் நீ டிசைன் இன்ஜினியர்தான். அதற்கு அடுத்த வருஷமும் அப்படியேதான். திண்டிவனத்திலிருந்து கவிதா வீட்டார் ஜாதகம் கொண்டுவந்தபோது, அவளுடைய பெரியப்பாவிடமும் அதையேதான் சொன்னேன். அப்பா இல்லாத பெண். அவர்தான் எல்லாம் பார்க்கிறார். விசாரித்துத்தான் பெண் கொடுப்பார் என்று தெரிந்தும் சொன்னேன்.

உன் அம்மாவின் கையும் முட்டியும் முடங்கிக்கொண்டு வந்ததை நீ வீடியோ காலில்தான் பார்த்தாய். காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியாது. புதுச்சேரி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, கழுத்துவரை வெந்நீரில் உட்கார முடிந்தால் நல்லது என்று சொல்லியிருந்தார். நம் வீட்டில் அதற்கு எங்கே போவது? சோறு வடிக்கிற அலுமினிய அன்னக்கூடையில் வெந்நீர் ஊற்றி ஒருநாள் காலையும் ஒருநாள் கையையும் வைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் உன் பட்டறையிலேயே பலகை பலகையாக அறுத்து, கப்பலில் அனுப்பிவிட்டு, பங்குனியில் நீயும் லீவில் வந்தாய்.

லாரி வந்து பெட்டிகளை இறக்கியது. என்ன பெட்டி என்று தெருவே கேட்டது. பர்னிச்சர் என்று சொன்னேன். நீ லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிட்டாய். தரையைச் சமன் செய்தாய். அடிப்பலகைகளை வட்டமாகச் சேர்த்தாய். பிறகு நிற்கும் பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, ஒரு பலகையின் காடிக்குள் அடுத்த பலகையின் நாக்கு உட்காரும்படி மரக் கொட்டாப்புளியால் தட்டித் தட்டிச் சேர்த்தாய். ஆணி கிடையாது, பசை கிடையாது. சுற்றிலும் இரும்பு வளையம் போட்டு முறுக்குவதுதான் பிடிமானம் என்று அம்மாவுக்கு விளக்கினாய். எனக்கும் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னாய். நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். அம்மா ஏறி இறங்கப் படி, உட்காரப் பலகை, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, தண்ணீரைச் சூடாக்கத் தொட்டியோடு சேர்ந்த விறகடுப்பு எல்லாம் வைத்தாய். அவள் விரல்கள் முழுதாக மூடாது என்பதால் கைப்பிடியைத் தடிமனாக நீயே இழைத்திருந்தாய். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவள் உள்ளே போய் அழுதாள். நான் பக்கத்தைத் திருப்பினேன்.

நீ உதவி கேட்டது ஒரே ஒரு முறைதான். வளையத்தை மறுபக்கம் பிடிக்கச் சொன்னாய். முதுகு வலி என்று சொல்லிவிட்டேன். எனக்கு எந்த முதுகு வலியும் இல்லை. பக்கத்து மாடியிலிருந்து யாராவது பார்த்தால், அப்பனும் மகனும் தச்சு வேலை செய்கிறார்கள் என்பார்களே என்ற பயம்தான்.

அமாவாசை அன்று பிற்பகல் அது நடந்தது. மேல்மலையனூர் போகிற ஸ்பெஷல் பஸ்கள் எல்லாம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தன. கவிதாவின் பெரியப்பா கோயிலுக்குப் போகிற வழியில், செஞ்சியில் இறங்கி நம்மைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நீ தொட்டிக்குள் உட்கார்ந்து பலகைகளை உள்ளேயிருந்து தட்டிச் சமன்படுத்திக்கொண்டிருந்தாய். வெயிலுக்காக மேலே கோணியைப் போட்டிருந்ததால் வெளியில் நிற்பவர்களுக்கு உன் தலைகூடத் தெரியவில்லை. தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் முகம் கழுவத் தோட்டத்துப் பக்கம் வந்தார். தொட்டியைப் பார்த்தார். சுற்றி வந்து பலகையைத் தடவினார். "நல்லா பண்றாங்க. உள்ள யாரு?" என்று கேட்டார்.

"ஆளு விட்டிருக்கேன்" என்றேன்.

என் வாயிலிருந்து அந்த வார்த்தைதான் வந்தது. கொட்டாப்புளிச் சத்தம் நின்றது. அவர் விடாமல், பையன் எங்கே, பார்த்துவிட்டுப் போகலாமே என்றார். ஆபீஸ் வேலையாகச் சென்னை போயிருக்கிறான், ராத்திரிதான் வருவான் என்றேன். அவர் காபி குடித்து, பஸ் நெரிசலைப் பற்றிப் பேசி, புறப்பட்டுப் போகிறவரை தொட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நீ இருமக்கூட இல்லை. வெயிலில், அந்த மரத்துக்குள், முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பாய். அவர் தெருமுனை தாண்டிய பிறகு சத்தம் மறுபடி ஆரம்பித்தது. சாயங்காலம் வெளியே வந்து குளித்துவிட்டு, "சாப்டீங்களா நைனா?" என்று எப்போதும்போலக் கேட்டாய். எனக்கு அது போதுமாக இருந்தது. உனக்குக் கேட்டிருக்காது என்று முடிவு கட்டிக்கொண்டேன். சத்தம் நின்றது தற்செயல், களைப்பில் கொஞ்சம் ஓய்வெடுத்திருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது. நீ புறப்படுவதற்கு முந்தின நாள் தொட்டியில் தண்ணீர் விட்டாய். ஒவ்வொரு பலகை இடுக்கிலிருந்தும் தண்ணீர் பீறிட்டது. தோட்டம் சேறாகிவிட்டது. நீ கொஞ்சமும் பதறவில்லை. "மரம் காஞ்சி வந்துருக்குது நைனா. ஊறணும். ஊற ஊற உப்பி அதுவே அடைச்சிக்கும். கொறைய கொறைய ஊத்தினே இருங்க. இன்னா ஆனாலும் தண்ணிய மட்டும் எறக்கிடாதீங்க" என்றாய். நான் தலையை ஆட்டினேன். இப்போது சொல்லப்போவதுதான் எல்லாவற்றையும்விட வெட்கமானது. தொட்டி ஒழுகியதைப் பார்த்து எனக்குள் ஒரு மகிழ்ச்சி வந்தது. பார்த்தாயா, படிப்பை விட்டுவிட்டு இதற்குப் போனாயே, இதுகூட உனக்குச் சரியாக வரவில்லை என்று மனசுக்குள் ஒருவன் சிரித்தான். பெற்ற மகன் தோற்றதாக நினைத்துச் சந்தோஷப்பட்டவன் நான்.

நீ விமானம் ஏறிய மறுநாளே தொட்டிக்கு அடியிலிருந்த குழாயைத் திறந்து தண்ணீரை வெளியேற்றிவிட்டேன். உன் அம்மா வேண்டாம் என்று கெஞ்சினாள். பக்கத்து வீட்டுச் சுவருக்கு ஈரம் போகிறது, மோட்டார் கரண்டை இழுக்கிறது என்று காரணம் சொன்னேன். சித்திரை வெயில் உனக்குத் தெரியும். ராஜா கோட்டைப் பாறையெல்லாம் காய்ந்து அந்தச் சூடு நம் தோட்டத்துக்குத்தான் இறங்கும். பாதி ஊறிய மரம் அதில் சுருங்கியது. பலகைகளுக்கு நடுவில் விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி விழுந்தது. மேல் வளையம் நழுவிக் கீழே வந்தது. நீ போனில் கேட்டபோதெல்லாம், இப்போது ஒரு சொட்டு ஒழுகவில்லை, அம்மா தினமும் இறங்குகிறாள் என்றேன். நீ, "அப்பாடா" என்றாய். அப்போது அவள் என் பக்கத்தில்தான் அன்னக்கூடையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஆனியில் ஒரு காலை, அடுப்பிலிருந்து வெந்நீரை அவளே இறக்கப் போயிருக்கிறாள். மணிக்கட்டு பிடிப்பு விட்டு, பாத்திரம் சாய்ந்து, வலது பாதம் முழுக்கக் கொட்டிவிட்டது. நான் கடையில் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்லித்தான் தெரியும். கொப்புளம் உடைந்து, ஆறி, இப்போது தோல் மூடிவிட்டது, பயப்படாதே. நீ பேசியபோதெல்லாம் புடவைக் கொசுவத்துக்குள் காலை இழுத்துக்கொண்டுதான் பேசினாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று ஆட்டோவில் என்னிடம் சொன்னாள்: "அவன் கேக்கல, அதனால நான் சொல்லல. கேட்டான்னா பொய் சொல்லமாட்டேன். உங்களுக்காக ஒரு தடவகூட சொல்லமாட்டேன்." முப்பது வருஷத்துக்கு மேல் என்னோடு குடும்பம் நடத்தியவள், என்னோடு சண்டை போட்டிருக்கிறாள், கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஆனால் அப்படி ஒரு குரலில் அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. நீ பெட்டியோடு வைத்துவிட்டுப் போன படம் போட்ட தாளை எடுத்துப் பார்த்தேன். வளையங்களை மேலே தள்ளினேன். பலகைகள் வரிசை தப்பியிருந்தன. உள்ளேயிருந்து தட்டினால்தான் சரியாகும் என்று புரிந்தது. படி ஏறி உள்ளே இறங்கி, நீ உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து, உன் கொட்டாப்புளியால் தட்டினேன். அப்போது அம்மா சமையல்கட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து மீன்காரம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். மெதுவாகத்தான் பேசினாள். ஆனால் காதுக்குப் பக்கத்தில் பேசுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது. மீன்காரம்மா பெருமூச்சு விட்டதுகூடக் கேட்டது. கொட்டாப்புளியைக் கீழே வைத்துவிட்டேன். சமையல்கட்டில் பேசுவதே இப்படிக் கேட்டால், பலகைக்கு அந்தப் பக்கம் நின்று நான் சொன்னது உனக்கு எப்படிக் கேட்டிருக்கும்? அம்மா நொண்டியபடி தேடிக்கொண்டு வந்து எட்டிப் பார்க்கிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவளிடம் அன்றைக்குத்தான் நடந்ததைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. திண்டிவனம் பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாள்.

பெரியப்பா வீட்டில் தனியாகத்தான் இருந்தார். உட்காரச் சொன்னதும் உட்காராமல் நின்றபடியே சொல்லிவிட்டேன். என் பையன் டிசைன் இன்ஜினியர் இல்லை, மரத்தொட்டி செய்கிறவன் என்று சொன்னேன். அவர் முகம் மாறவே இல்லை. வேலையைப் பற்றி நீ கவிதாவிடம் முதல் போனிலேயே சொல்லிவிட்டாயாம். "நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துனு இருந்தோம்" என்றார். பிறகு மிச்சத்தையும் சொன்னேன். அன்றைக்குத் தொட்டிக்குள் இருந்தது கூலிக்கு வந்தவர் இல்லை, என் மகன் என்றேன். அது அவருக்குத் தெரியாது, நீ அனுப்பிய பலகைகளை யாரோ உள்ளூர்த் தச்சர் பூட்டுவதாக நினைத்திருந்தாராம்.

"நிச்சயத்தன்னைக்கு அவன்கிட்ட ஒண்ணு கேட்டேன்" என்றார். "அன்னைக்கு வந்தப்ப பாக்க முடியல, சென்னைக்குப் போன வேல முடிஞ்சுதா தம்பின்னு. அவன் ஒரு நிமிஷம் என்னையே பாத்தான். அப்புறம், 'முடிஞ்சுதுங்க மாமா, அன்னைக்கு ராத்திரியே வந்துட்டேன்'னு சொன்னான்."

நான் அப்போதுதான் உட்கார்ந்தேன். நீ கேட்டிருக்கிறாய். ஆள் என்று சொன்னதைக் கேட்டாய், சென்னை என்று சொன்னதையும் ராத்திரி என்று சொன்னதையும்கூட விடாமல் கேட்டாய். கேட்டதைக் கொண்டுவந்து, சபையில் என் மானம் போகாமல் இருக்க, எனக்காக நீயும் பொய் சொல்லியிருக்கிறாய். பொய் சொல்லத் தெரியாமல் வளர்ந்த பிள்ளை நீ. பெரியப்பா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. "என்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? அவன்கிட்ட சொல்லுங்க" என்றார்.

திரும்பி வந்த நாளிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறேன். ஆரம்பத்தில் விடுகிற வேகத்திலேயே ஒழுகியது. வெளிப்பக்கம் ஈரக் கோணியைச் சுற்றிவைத்தேன். காலையில் எழுந்ததும் அதுதான் வேலை, கடையை மூடிவிட்டு வந்ததும் அதுதான் வேலை. மெல்ல மெல்லப் பீறிட்டது வழிசலாகி, வழிசல் கசிவாகி, இப்போது ஒரே ஒரு பலகையின் அடியில் மட்டும் ஈரம் தெரிகிறது. போன வெள்ளிக்கிழமை சவுக்கு விறகு வைத்துத் தொட்டி அடுப்பைப் பற்றவைத்தேன். தண்ணீர் சூடேறியதும் அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி ஏறி இறங்கினாள். கழுத்துவரை தண்ணீர். கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீருக்குள்ளேயே விரல்களை மடக்கினாள், நீட்டினாள், மறுபடி மடக்கினாள். "செழியன் ஒக்கார பலக வெச்சிருக்கான் பாருங்க, என் முட்டிக்குன்னே அளவெடுத்தாப்ல" என்றாள். அவன் செய்த எல்லாமே சரியாகத்தான் இருக்கிறது என்றேன்.

கல்யாணம் ஆகப்போகிற உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். உனக்கு வலித்தால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாய். சின்ன வயதிலும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் உன்னை அடித்த அன்றைக்கு ராத்திரியும் ஒழுங்காகச் சாப்பிட்டாய். முதுகில் தழும்பைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும். அதைப் பொறுமை என்று ஊரெல்லாம் மெச்சினேன், ஏனென்றால் அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. கவிதாவிடம் அப்படி இருக்காதே. அவள் நல்ல பெண்ணாகத் தெரிகிறாள். நீ பேசாமல் இருந்தால் உனக்கு ஒன்றும் இல்லை என்று நம்பிவிடுவாள். என்னைப்போல வேண்டுமென்றே நம்பமாட்டாள், உண்மையாகவே நம்பிவிடுவாள். அது உங்கள் இரண்டு பேருக்குமே கஷ்டம்.

மன்னிப்புக் கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல நைனா" என்பாய். சொல்லிவிட்டு அம்மாவுக்குப் போனைக் கொடுக்கச் சொல்வாய். அப்படிச் சொல்லிவிடாதே, செழியா. இதைப் படித்துவிட்டுப் போன் பண்ணாதே. நேரில் வா. பந்தல் போடுவதற்கு முன்னால், வீட்டில் சொந்தக்காரர்கள் நிறைவதற்கு முன்னால், அம்மா இருக்கும்போது என் எதிரில் நின்று, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேள். குரலை உயர்த்திக்கூடக் கேள். என்னிடம் சரியான பதில் இருக்காது. இருந்தாலும் நீ கேட்கவேண்டும். நான் எங்கேயும் போகாமல் நின்று கேட்டுக்கொள்ளவேண்டும்.

உன்
நைனா